தொப்பூர் மேடு ஏறுறப்ப ஹீட் முள்ளு திடீர்னு ரெட்டுக்கு போயிட்டு இறங்குது – கூலண்ட் சென்சார் எங்க இருக்கு, நாமளே மாத்தலாமுங்களா?

சங்ககிரி_டென்வீல்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம வண்டி 10 வீலு, 24 வோல்ட், கம்மின்ஸ் 5.9 ஐஎஸ்பிஇ இஞ்சின், பிஎஸ்3. கொஞ்ச நாளா ஒரு தொந்தரவுங்க. சேலத்துல இருந்து லோடோட தர்மபுரி பக்கம் தொப்பூர் மேடு ஏறிட்டு இருக்கறப்ப ஹீட் மீட்டர் முள்ளு எப்பவும் நிக்கற எடத்துல தான் நிக்குது, ஒரு குண்டு குழில வீலு எறங்குச்சுன்னா டக்குன்னு ரெட்டுக்கு போயிருது, செக் லைட் எரியுது, இழுவை கம்மியாயிருது. பயந்துட்டு ஓரங்கட்டி கேபினை தூக்கி பாத்தா ரேடியேட்டர் தண்ணி அப்படியே இருக்கு, ஆவி இல்ல, தண்ணி கொதிக்கற சத்தமும் இல்ல, எங்கயும் ஒழுகவும் இல்ல. திரும்ப சாவி போட்டா முள்ளு சாதாரணமா நிக்குது. வெறும் வண்டியா ஊருக்குள்ள ஓட்டுறப்ப எப்பவாச்சும் தான் வருது, மழை பெஞ்சாலோ வாட்டர் சர்வீஸ் விட்டாலோ அடிக்கடி வருது.

ஒரு பட்டறைல ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீலு) போயிருக்கும், ஹெட்டை எறக்கணும்னு சொல்றாங்க. இன்னொருத்தர் சென்சார் தான், மாத்துனா சரியாயிரும்ங்கறார். ஹெட்டை எறக்குனா செலவும் ஆச்சு, வண்டி நின்னா டியூ கட்டறதும் கஷ்டமுங்க. சென்சார் எந்த எடத்துல இருக்கு, எப்படி கண்டுபுடிக்கறது, நாமளே மாத்தலாமுங்களா, தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

நாமக்கல்_ஆட்டோ_எலக்ட்ரிக்:

தம்பி, ஹெட்டுல இப்ப கை வைக்க விடாதீங்க. நீங்க எழுதுனதுலயே பாதி பதில் இருக்கு. தண்ணி நிஜமாவே சூடாச்சுன்னா முள்ளு மெதுவா தான் ஏறும், அத்தனை லிட்டர் தண்ணியும் அவ்வளவு பெரிய இரும்பும் ஒரே நொடில சூடாகவும் முடியாது, ஒரே நொடில ஆறவும் முடியாது. முள்ளு குதிச்சு ஏறி குதிச்சு இறங்குதுன்னா அது கரண்ட் சமாச்சாரம், சென்சாரோ, கப்ளரோ (வயரு வந்து சேர்ற பிளக்கு), வயரோ தான். குழில எறங்குறப்பவும் தண்ணி பட்டாலும் வருதுன்னா நான் முதல்ல கப்ளரையும் வயரையும் தான் சந்தேகப்படுவேன், சென்சார் அதுக்கு அப்புறம்.

ஆனா ஒண்ணு, அதை கண்ணால பாத்து உறுதி பண்ணிக்கணும். தொடாமலே சூட்டை காட்டுற ஐஆர் டெம்பரேச்சர் கன்னு ஒண்ணு வாங்கி வண்டில வெச்சுக்கங்க, பெரிய விலை இல்ல. முள்ளு ரெட்டுல நிக்கறப்ப தெர்மாஸ்டாட் (சூட்டுக்கு தக்க தண்ணி வழியை திறக்கற வால்வு) இருக்கற ஹவுசிங் மேல அடிச்சு பாருங்க, அங்க 85, 90 டிகிரி மாதிரி காட்டுனா இஞ்சின் நல்லா இருக்கு, மீட்டர் பொய் சொல்லுது. பளபளன்னு இருக்கற அலுமினியத்து மேல அடிச்சா கம்மியா காட்டும், அதனால கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அடிங்க, இல்லைன்னா ரப்பர் ஹோஸ் மேல அடிங்க.

ஸ்கேனர் போட்டு பாத்தீங்களா? என்ன ஃபால்ட் கோடு (கோளாறு நம்பர்) காட்டுதுன்னு சொன்னா மிச்சம் சொல்றேன். இந்த இஞ்சின்ல கூலண்ட் டெம்பரேச்சருக்கு நாலு கோடு இருக்கு. 144ன்னா சென்சார்ல இருந்து வர்ற வோல்டேஜ் அதிகம், அதாவது வயரு எங்கயோ அறுந்திருக்கு இல்லைன்னா கப்ளர் கழண்டிருக்கு. 145ன்னா வோல்டேஜ் கம்மி, வயரு எங்கயோ எர்த் ஆகுது. 146 ஹீட்டு கொஞ்சம் அதிகம், 151 ரொம்ப அதிகம். சில ஸ்கேனர்ல இதையே எஸ்பிஎன் (எந்த பாகம்னு சொல்ற நம்பர்) 110னு காட்டும், பக்கத்துல எஃப்எம்ஐ (என்ன மாதிரி கோளாறுன்னு சொல்ற நம்பர்) 3, 4, 16, 0னு வரும், வரிசையா அந்த நாலும் தான்.

சங்ககிரி_டென்வீல்:

ரொம்ப நன்றிங்ணா. பக்கத்துல ஒருத்தர்கிட்ட ஸ்கேனர் இருந்துச்சு, போட்டு பாத்தோம். 144 இருக்கு, 146ம் இருக்கு, ரெண்டும் இப்ப ஆக்டிவ் இல்ல, பழசுன்னு காட்டுது. ஒண்ணு அறுந்த மாதிரி, இன்னொண்ணு ஹீட்டான மாதிரி, ரெண்டும் எப்படிங்ணா ஒண்ணா வரும்?

நாமக்கல்_ஆட்டோ_எலக்ட்ரிக்:

வரும் தம்பி, அது தான் கப்ளர் கெட்டதுக்கு அடையாளம். அந்த சென்சார் உள்ள இருக்கறது சூட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் குறையற ஒரு சின்ன பொருள், அவ்வளவுதான். ஈசிஎம் (இஞ்சினோட கம்ப்யூட்டர்) அதுக்கு 5 வோல்ட் குடுத்துட்டு திரும்ப என்ன வோல்டேஜ் நிக்குதுன்னு பாத்து சூட்டை கணக்கு போடுது. ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சா சூடுன்னு அர்த்தம். இப்ப கப்ளருக்குள்ள தண்ணி போய் பச்சை பச்சையா உப்பு பூத்துச்சுன்னா அந்த உப்பு ரெண்டு பின்னுக்கும் நடுவுல பாலம் போட்டுரும், ரெசிஸ்டன்ஸ் அரைகுறையா குறையும், ஈசிஎம் அதை நிஜமான ஹீட்டுன்னே நம்பி 146 போட்டு இழுவையை குறைக்கும். அதே உப்பு பின்னை அரிச்சு காண்டாக்ட் விட்டுச்சுன்னா 144. குழில எறங்குறப்ப ஆடுனா ரெண்டும் மாறி மாறி வரும்.

144 ஆக்டிவா இருக்கறப்ப ஓட்டுறது ஆபத்து, அதை யாரும் சொல்றதில்ல. சென்சார் தொடர்பு இல்லைன்னா ஈசிஎம் தானா ஒரு சூட்டை வெச்சுக்கிட்டு ஓட்டும், கூலண்ட் ஹீட்டுக்கான பாதுகாப்பு அந்த நேரத்துல வேலையே செய்யாது. நிஜமாவே ஹோஸ் வெடிச்சா கூட இஞ்சின் சொல்லாது. அதனால தள்ளிப் போடாதீங்க.

எடம் சொல்றேன். கேபினை டில்ட் பண்ணுங்க, இஞ்சின் முன்பக்கம் ரேடியேட்டர் மேல் ஹோஸ் எங்க வந்து சேருதோ அது தான் தெர்மாஸ்டாட் ஹவுசிங், அதுக்கு ஒட்டுனாப்ல சிலிண்டர் ஹெட்டுல தான் சென்சார் முறுக்கியிருக்கும். ரெண்டு வயர் கப்ளர், பித்தளையோ பிளாஸ்டிக்கோ உடம்பு, நட்டு மாதிரி ஆறு பட்டை. இன்டேக் மேனிஃபோல்டுல காத்தோட சூட்டை பாக்க இன்னொரு சென்சார் இருக்கு, பாக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதால நிறைய பேர் அதை கழட்டிட்டு வந்து கடைல காட்டி வாங்கிட்டு போறாங்க. தண்ணி ஓடுற எடத்துல இருக்கறது மட்டும் தான் உங்களுக்கு வேணும். ஆயில் பிரஷர் சென்சாரு வேற, அது கீழ பிளாக் பக்கம் இருக்கும்.

கழட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வெச்சு பாத்துருங்க. சாவி ஆஃப், கப்ளரை எடுங்க, சென்சாரோட ரெண்டு பின்லயும் ஓம் பாருங்க. காலைல இஞ்சின் ஆறி இருக்கறப்ப நம்ம ஊர் சூட்டுக்கு 1500ல இருந்து 2500க்குள்ள ஏதாவது காட்டும், 25 டிகிரில 1700ல இருந்து 2500 இருக்கணும்ங்கறது அளவு. 50 டிகிரில 700ல இருந்து 1000, 75ல 300ல இருந்து 450, தண்ணி கொதிக்கற 100ல 150ல இருந்து 220. கழட்டுன சென்சார சமையல் பாத்திரத்துல வேண்டாம், ஏதாவது பழைய டப்பால தண்ணி சுட வெச்சு முனையை மட்டும் முக்கி, மீட்டர் பாத்துக்கிட்டே இருங்க. நம்பர் சீரா இறங்கணும், நடுவுல குதிச்சா சென்சார் போச்சு.

வயரு பக்கம் பாக்க, சாவி ஆன் பண்ணி வயரு பக்கத்து கப்ளரோட ரெண்டு பின்னுக்கும் நடுவுல 5 வோல்ட் வருதான்னு பாருங்க. பல்பு வெச்ச டெஸ்ட் லேம்ப் போட்டு குத்தாதீங்க தம்பி, கையெடுத்து கும்புட்டு சொல்றேன், ஈசிஎம் போனா சென்சார் விலை இல்ல அது. 24 வோல்ட் லைன்ல இருந்து ஒரு முனை தவறி அந்த பின்னுல பட்டாலே போதும்.

ஹைவே_டிரைவர்:

இதுக்கு இவ்வளவு சுத்துறதா. தெர்மாஸ்டாட் வால்வை கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டுங்க பாஸ், நாங்க எல்லா வண்டிலயும் அப்படி தான் பண்றோம், ஹீட்டே வராது.

நாமக்கல்_ஆட்டோ_எலக்ட்ரிக்:

அண்ணே மரியாதையா சொல்றேன், அது தப்பு. இவர் பிரச்சினைக்கும் தெர்மாஸ்டாட்டுக்கும் சம்பந்தமே இல்ல, அதோட இந்த இஞ்சின்ல தெர்மாஸ்டாட் 82, 83 டிகிரில திறக்க ஆரம்பிச்சு முழுசா திறக்கறப்ப அதே வால்வு தான் பைபாஸ் வழியை அடைக்குது. அதை கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம திரும்ப இஞ்சினுக்குள்ளயே சுத்தும். சமதளத்துல இஞ்சின் சூடே ஏறாம டீசல் குடிக்கும், ஃபுல் லோடுல மேடு ஏறுறப்ப ரேடியேட்டருக்கு போற தண்ணி குறையும். பிஎஸ்6 வண்டில கழட்டுனா இன்னும் மோசம், இஞ்சின் சூடு ஏறலைன்னா சைலன்சர் சுத்திகரிப்பு வேலையே சரியா நடக்காது, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்குனவங்க தயவு செஞ்சு செய்யாதீங்க.

தூத்துக்குடி_ட்ரெய்லர்:

எலக்ட்ரிக் அண்ணன் சொன்னது முழுக்க சரி. நான் மாத்துற முறையை மட்டும் எழுதுறேன், எங்க கன்டெய்னர் வண்டிகள்ல இந்த வேலையை யார்டுலயே பாத்துக்கிடுதோம்.

இஞ்சின் நல்லா ஆறட்டும், ராத்திரி நிறுத்திட்டு காலைல பண்றது தான் உத்தமம். சூடா இருக்கப்போ ரேடியேட்டர் மூடிய தொறக்கவே கூடாது. உள்ள பிரஷர் இருக்க வரைக்கும் தான் அந்த தண்ணி நூறு டிகிரிக்கு மேலயும் கொதிக்காம நிக்குது, மூடிய தொறந்த அந்த நொடியே கொதிச்சு ஆவியும் சுடுதண்ணியுமா முகத்துல அடிக்கும். சாக்கு போட்டு தொறக்கலாம்னு கிளீனர் பையன விடாதீங்க.

பேட்டரி கட்ஆஃப் போட்டுருங்க. சென்சார் இஞ்சினோட மேல் மட்டத்துல தான் இருக்கு, அதனால மொத்த கூலண்டையும் எறக்க வேண்டியதில்ல, ஹவுசிங் மட்டத்துக்கு கீழ வர்ற வரைக்கும் அடில ட்ரெயின் காக் (தண்ணி எறக்குற திருகு) வழியா ஒரு சுத்தமான டப்பால எறக்கி வெச்சா போதும், அதையே திரும்ப ஊத்திக்கிடலாம். தரையில விட்டுறாதீங்க, கூலண்ட் இனிப்பா இருக்கும், நாயும் மாடும் வந்து நக்கும், அது அப்படியே விஷம்.

சென்சார சுத்தி இருக்க மண்ணு, ஆயில் பிசுக்கு எல்லாத்தையும் பிரஷ் போட்டு, காத்தடிச்சு சுத்தம் பண்ணிட்டு தான் கழட்டணும், இல்லைன்னா அந்த மண்ணு மொத்தமும் ஓட்டைக்குள்ள விழும். கப்ளர் லாக்க அமுக்கி பிளாஸ்டிக்க புடிச்சு இழுங்க, வயர புடிச்சு இழுக்க கூடாது. இழுத்தா வெளிய நல்லா தெரியும், உள்ள பின்னு விட்டுப்போயிருக்கும், அப்புறம் மாசக்கணக்குல தேடணும். சென்சாருக்கு டீப் சாக்கெட் போடுங்க, ஓப்பன் ஸ்பேனர் போட்டா பட்டை மழுங்கும், எடமும் பத்தாது.

ஓட்டைய பாருங்க, துருவோ சுண்ணாம்போ கட்டியிருந்தா துணியால துடைங்க, ஸ்க்ரூடிரைவர் போட்டு நோண்டாதீங்க. புது சென்சார்ல ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கான்னு பாருங்க, அதுல ரெண்டு சொட்டு கூலண்ட் தடவி கையாலயே முறுக்குங்க, கைல லேசா போகணும், போகலைன்னா மரை கோணலா ஏறுதுன்னு அர்த்தம், எடுத்துட்டு திரும்ப வைங்க. கடைசியா சாக்கெட் போட்டு மட்டா இறுக்குனா போதும். அது ஹெட்டு, வீல் நட்டு இல்ல. ஓ-ரிங் இருக்க சென்சாருக்கு வெள்ளை டேப்பு, எம்சீல் எதுவும் வேண்டாம்.

தண்ணி ஊத்துறது தான் நிறைய பேர் அவசரப்படுற எடம். மெதுவா ஊத்தணும், ஏர் லாக் விழுந்தா (உள்ள காத்து மாட்டிக்கிட்டா) புது சென்சாரும் தப்பா தான் காட்டும். இஞ்சின் மேல வென்ட் ஸ்க்ரூவோ வென்ட் ஹோஸோ இருந்தா அத தளத்தி வெச்சு கூலண்ட் குமிழ் இல்லாம வர்ற வரைக்கும் ஊத்துங்க, மூடிய தொறந்து வெச்சே ஐடில்ல ஓட விடுங்க, தெர்மாஸ்டாட் திறக்குற நேரத்துல மட்டம் டக்குனு இறங்கும், அப்போ திரும்ப ஊத்தி மூடுங்க. ஒரு ஓட்டம் ஓடிட்டு ஆறுனதும் மட்டத்த இன்னொரு தடவ பாருங்க.

இன்னொரு விஷயம், இத டிரைவருங்க எல்லாரும் மனசுல வெச்சுக்கிடணும். சென்சாரோட முனை தண்ணிக்குள்ள இருந்தா தான் சூடு தெரியும். மேல் ஹோஸ் வெடிச்சு தண்ணி மொத்தமா போச்சுன்னா முனை காத்துல தொங்கும், முள்ளு ஏறாது, சில நேரம் இறங்க கூட செய்யும். முள்ளு கீழ தான இருக்குனு ஓட்டிக்கிட்டே போனா ஹெட்டு வளைஞ்சு போகும். ஹீட்டு ஏறிட்டு இருந்த முள்ளு தானா இறங்குச்சு, கூடவே இழுவை போச்சுனாலோ தண்ணி வாடை வந்துச்சுனாலோ உடனே நிறுத்துங்க.

சங்ககிரி_டென்வீல்:

எல்லாருக்கும் கோடி புண்ணியமுங்க. நேத்து எலக்ட்ரிக் அண்ணன் சொன்னபடி காலைல ஆறுன இஞ்சின்ல கப்ளரை எடுத்து பாத்தோம். உள்ள ஒரு பின்னு முழுக்க பச்சையா உப்பு பூத்து கெடக்குது, ரப்பர் சீலு பாதி இல்ல. வயரு வர்ற வழில கிளாம்ப் ஒண்ணு இல்லாம ஹார்னஸ் (வயரு கட்டு) தொங்கி பிராக்கெட்டுல உரசி உரசி மேல் தோலு போயி செம்பு தெரியுது, முன்னாடி எப்பவோ வேற வேலைக்கு கழட்டுன பட்டறைக்காரங்க திரும்ப மாட்டாம விட்டிருக்காங்க. சென்சார் ஓம் பாத்தா அளவுக்குள்ள தான் இருக்கு, ஆனா அதோட பின்னும் அரிச்சு போயிருந்துச்சு, அதனால கப்ளர், சென்சார் ரெண்டையும் மாத்திட்டோம், வயரை ஒட்டுப்போட்டு ஸ்லீவ் போட்டு, கிளாம்ப் வெச்சு இறுக்கி கட்டிட்டோம். கோடு அழிச்சாச்சு. லோடோட தொப்பூர் ஏறி பாத்தேன், முள்ளு அசையலைங்க, இழுவையும் பழையபடி வந்திருச்சு.

ஒரு சந்தேகம். பழைய சென்சார் முனைல வெள்ளையா ஓடு மாதிரி கட்டியிருந்துச்சு. நாங்க வழியில போர் தண்ணி தான் ஊத்துவோம். அதனால தானுங்களா?

தூத்துக்குடி_ட்ரெய்லர்:

அதனால தான். போர் தண்ணியில இருக்க உப்பு எல்லாம் எங்க சூடு அதிகமோ அங்க தான் போய் படியும், சென்சார் முனை, ஹெட்டு, ரேடியேட்டர் டியூப் எல்லா இடத்துலயும் சுண்ணாம்பு கட்டும். முனை மேல ஓடு கட்டுனா சூடு உள்ள போக நேரமாகும், நிஜ ஹீட்ட முள்ளு தாமதமா தான் காட்டும். இந்த தடவ முழுசா ஃபிளஷ் பண்ணிட்டு கூலண்ட் பாதி, ஆர்ஓ வாட்டரோ டிஸ்டில்டு வாட்டரோ பாதி போடுங்க. கூலண்ட்னா உறையாம இருக்க பனி ஊருக்கு தான்னு நினைக்காதீங்க, நமக்கு அது துருப்பிடிக்காம இருக்கவும் கொதிநிலை ஏறவும் வேணும், வெறும் தண்ணி 100ல கொதிக்கும், பாதிக்கு பாதி கலந்தது மூடி இல்லாமலே 106, 107 வரைக்கும் தாங்கும். வண்டில கலந்த கூலண்ட் ஒரு கேன் எப்பவும் கிடக்கட்டும், வழியில தண்ணி தேடுற வேலை இருக்காது. வேற வேற கலர் கூலண்ட கலக்காதீங்க, சிலது சேர்ந்தா கூழ் மாதிரி கட்டிக்கும்.

பழைய_வண்டி_பிரியன்:

நடுவுல கேக்கறேன் மன்னிச்சுக்கங்க. என்னோடது ஈசிஎம் எல்லாம் இல்லாத பழைய மெக்கானிக்கல் பம்ப் லாரி. ஹீட் சென்சார்ல ஒத்த வயரு தான் வருது. புது சென்சார் போட்டதுல இருந்து முள்ளு பாதிக்கு மேல ஏறவே மாட்டேங்குது, ஆனா ரேடியேட்டர் நல்லா சூடாவுது. புதுசும் டூப்ளிகேட்டா?

நாமக்கல்_ஆட்டோ_எலக்ட்ரிக்:

மாட்டுறப்ப மரைல வெள்ளை டேப் சுத்துனீங்களான்னு பாருங்க. ஒத்த வயர் சென்சாருக்கு எர்த் அதோட மரை வழியா தான் போகுது, டேப்பை சுத்தி சுத்தி வெச்சா எர்த் சரியா கிடைக்காது, ரெசிஸ்டன்ஸ் கூடி முள்ளு கம்மியா காட்டும். கழட்டி டேப்பை எடுத்துட்டு, மரை ரெண்டையும் சுத்தம் பண்ணி, கூட குடுத்த செம்பு வாஷர் போட்டு மாட்டுங்க. அந்த வயரை கழட்டி ஒரு நொடி பாடில தொட்டு பாருங்க, முள்ளு முழுசா ஓடுச்சுன்னா மீட்டரும் வயரும் நல்லா இருக்கு, கோளாறு சென்சார் பக்கம் தான். ஓடலைன்னா மீட்டர் பக்கம். டீசல் முள்ளும் கூடவே கம்மியா காட்டுதுன்னா சென்சாரை விட்டுட்டு டேஷ்போர்டு பின்னாடி இருக்கற வோல்டேஜ் ஸ்டெபிலைசரை பாருங்க, பழைய வண்டில ரெண்டு மீட்டருக்கும் அது வழியா தான் சப்ளை வரும்.

அதோட அந்த மாதிரி வண்டில மீட்டருக்கு ஒரு சென்சார், பஸ்ஸருக்கோ லைட்டுக்கோ தனியா ஒரு சுவிட்ச்சுன்னு ரெண்டு இருக்கலாம், ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கும். கடைல பழசை குடுத்தே வாங்குங்க, சுவிட்ச்சை மீட்டர் லைன்ல மாட்டுனா முள்ளு ஒண்ணு கீழயே கிடக்கும் இல்லைன்னா மேலயே போய் நிக்கும்.

பழைய_வண்டி_பிரியன்:

டேப் சுத்தி தான் மாட்டியிருக்கோம். ஞாயித்துக்கிழமை வண்டி நிக்குது, கழட்டி பாத்துட்டு எழுதுறேன் அண்ணே.